மலபார்த் தேக்கும் ஒரு போர்க்கப்பலும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் ஹார்ட்டில்பூல் என்றொரு துறைமுக நகரம். அங்கே ஒரு பழைய கப்பல்துறையில் மூன்று பாய்மரங்களோடு மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பலின் அணியத்தில், தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் மரச்சிலை இருக்கிறது. கப்பலின் பெயர் ‘ட்ரிங்கோமலி’. திருகோணமலை என்ற ஊர்ப்பெயர் ஐரோப்பியர் நாவில் புரண்டு இப்படி ஆனது. கட்டியவர்கள் பம்பாயின் பார்சிக் கப்பல் தச்சர்கள். மரம், மலபார்க் காடுகளின் தேக்கு. 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கிய கப்பல் இது. ஐரோப்பாவில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதைவிடப் பழையது கிடையாது.

பழைய பாய்மரப் போர்க்கப்பல் என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது போர்ட்ஸ்மத்தில் நிற்கும் ‘விக்டரி’. அடுத்தது பாஸ்டனில் இருக்கும் ‘கான்ஸ்டிடியூஷன்’. முதலாவதின் மேல்தளத்தில்தான் 1805-இல் ட்ரஃபால்கர் போரின்போது பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் குண்டடிபட்டு விழுந்தார். இரண்டாவது, 1812-இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தி அமெரிக்கர்களின் செல்லப்பிள்ளை ஆனது. ட்ரிங்கோமலிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெரும்போர்கூட இல்லை. வெற்றிச் சின்னம் என்று கொண்டாடி யாரும் அதைக் காத்துவைக்கவில்லை. அப்படியிருந்தும் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி வந்திருக்கிறது என்றால், காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும். நான் அதை முதலில் மரத்தில் தேடுகிறேன். பிறகு, ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கப்பலுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த சில்லறை வேலைகளில்.

பெயர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் வந்து சேர்ந்தபோது அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 3 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு படைகளும் மோதின. இரு தரப்புக்கும் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. 1795-இல்தான் ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பருவக்காற்றுக் காலத்திலும் பெரிய கப்பல்கள் அச்சமில்லாமல் நங்கூரம் போடக்கூடிய அந்த இயற்கைத் துறைமுகத்தின்மேல் எல்லா வல்லரசுகளுக்கும் கண் இருந்தது. அந்த ஊரின் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள்.

கப்பலைக் கட்டும் உத்தரவு 1812 அக்டோபரில் பிறந்தது. நெப்போலியனோடு முடிவில்லாத போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கே ஆயிரக்கணக்கான ஓக் மரங்கள் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் ஓக் காடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்த் துறையும் அதற்குப் பின்னாலிருந்த தேக்குக் காடுகளும் அப்போதுதான் லண்டன் கடற்படை அலுவலகத்தின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தன. கப்பலின் வடிவம்கூட இரவல்தான். 1782-இல் பிடிபட்ட ‘ஹெபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலை அளந்து வரைந்த ‘லெடா’ வகை அது. அந்த வரைபடத்தை வைத்து ஆங்கிலேயர் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டினார்கள். பம்பாய்க்குரிய வரைபடங்களை ‘ஜாவா’ என்ற போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். பிரேசில் கரைக்கு அப்பால், 1812 டிசம்பர் 29 அன்று, அந்த ஜாவாவை அடித்து நொறுக்கியது கான்ஸ்டிடியூஷன். எரியூட்டப்பட்ட ஜாவாவோடு வரைபடங்களும் போயின. இரண்டாம் படி எழுதி அனுப்ப 1813 ஆகிவிட்டது. இன்று அருங்காட்சியகக் கப்பல்களாக இருக்கும் இரண்டில் ஒன்று, மற்றதன் பிறப்பையே இப்படித் தள்ளிப்போட்டது. கப்பல் தாமதமானதில் ஒரு பெரிய விளைவும் உண்டு: அது நீரில் இறங்கியபோது போர் முடிந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

பம்பாய்த் துறையில் தலைமைத் தச்சர் பொறுப்பு வாடியா குடும்பத்திடம் இருந்தது. சூரத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவைக் கம்பெனி 1730-களில் பம்பாய்க்கு அழைத்து வந்தது. 1750-இல் அங்கே உலர்துறை அமைந்தது. அந்தக் குடும்பத்தின் ஜம்ஷேத்ஜி பொமான்ஜி வாடியா 1810-இல் ‘மிண்டன்’ என்ற 74 பீரங்கிக் கப்பலை பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிக்கொடுத்தார். 1813-இல் ‘கார்ன்வாலிஸ்’ வந்தது. ஹாங்காங்கைச் சீனா விட்டுக்கொடுத்த நான்கிங் ஒப்பந்தம் 1842-இல் கையெழுத்தானது அந்தக் கப்பலில்தான். ட்ரிங்கோமலியும் இதே ஜம்ஷேத்ஜியின் கைவேலை. 1816 ஏப்ரலில் ஏரா போட்டார்கள். ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பாக அடியில் ஓடும் நெடுமரம். பார்சிகளின் வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அறையப்பட்டது. அந்த ஆணி இல்லாமல் கப்பலுக்கு நலம் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஏராவிலிருந்து இருபுறமும் விலா எலும்புபோல வங்குக் கால்களை எழுப்பி, மேலே பலகை தைத்து, பதினெட்டு மாதத்தில் முடித்தார்கள். பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 46 மீட்டர், அகலம் 12 மீட்டர், கொள்ளளவு ஆயிரம் டன்னுக்குச் சற்று மேல். செலவு 23,642 பவுண்டு.

இந்த மரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தேக்கு என்ற சொல்லே கடல் கடந்து போனது. மலையாளக் கரையில் கேட்ட ‘தேக்கு’ போர்த்துகீசியரிடம் ‘தேகா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆனது. பச்சைத் தேக்கு தண்ணீரில் அமிழ்ந்துவிடும். காட்டிலிருந்து கடற்கரைக்கு மரம் வர ஆற்றை விட்டால் வழியில்லை. ஆகவே மரத்தை முதலில் நின்ற நிலையிலேயே சாகவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு வளையம்போல, பட்டையையும் அதற்குள்ளிருக்கும் வெளிறையும் வைரம் தெரியும்வரை கோடரியால் கொத்தி எடுத்துவிட்டால், மேலே தண்ணீர் ஏறாது. இலை உதிரும், கிளை காயும். இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்த பிறகு வெட்டிச் சாய்த்து, யானை கட்டி இழுத்து ஆற்றங்கரை சேர்ப்பார்கள். மழைக்காலப் பெருக்கில் மிதக்கவிட்டால் சாலியாறு அதைப் பேப்பூருக்கும் கல்லாயிக்கும் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து கடல் வழியே பம்பாய். காட்டிலேயே உலர்ந்துவிட்ட மரம் என்பதால் கப்பலில் ஏறிய பிறகு அது சுருங்குவதும் முறுக்கிக்கொள்வதும் மிகக் குறைவு.

ஓக்குக்கும் தேக்குக்கும் உள்ள வேறுபாடு இரும்பில் தெரியும். ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். அதில் அறைந்த இரும்பு ஆணியைச் சுற்றி ஈரம் பட்டால் ஆணி கறுத்து அரிக்கும், மரமும் அந்த இடத்தில் உளுக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியைக் காக்கும், பூஞ்சையையும் கறையானையும் அண்டவிடாது. மாலுமிகளுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். போரில் பீரங்கிக் குண்டு பட்டுத் தெறிக்கும் தேக்குச் சிராய் உடம்பில் ஏறினால் புண் ஆறாமல் சீழ்பிடிக்கும் என்று அஞ்சினார்கள். ஓக்கின் சிராயே மேல் என்பது அவர்களது பேச்சு.

பலகைகளுக்கு இடையே நீர் புகாமல் அடைக்கும் வேலைக்குத் தமிழ்க் கடற்கரையில் கலப்பத்து என்று பெயர். ஐரோப்பிய முறையில், பலகைகளை நெருக்கி வைத்து, இடைவெளியில் கீல் தோய்த்த நார்த்திரியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அடித்து இறக்குவார்கள். மேற்குக் கரைத் தச்சர்களிடம் வேறொரு முறையும் இருந்தது. ஒரு பலகையின் விளிம்பில் பள்ளமும் அடுத்ததில் நாக்கும் செதுக்கி, குங்கிலியமும் பஞ்சும் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி இறுக்குவது. அப்படி இணைந்த உடல் ஒரே மரத்தில் குடைந்ததுபோல் நிற்கும் என்று சூரத்துக் கப்பல்களைப் பார்த்த ஐரோப்பியர் வியந்திருக்கிறார்கள்.

இந்தத் தேக்கு கம்பெனிக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் கப்பலின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி. 1806-இல் மலபார்க் காடுகளுக்குக் காப்பாளராக வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியைக் கம்பெனி நியமித்தது. ‘காப்பு’ என்ற சொல்லுக்கு அங்கே பொருள், கடற்படைக்குத் தேக்கைத் திரட்டிக் கொடுப்பது. தேக்கு கம்பெனியின் தனியுரிமை ஆனது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை ஆண்ட நிலவுடைமையாளர்களும், கல்லாயியின் மர வியாபாரிகளும், ஏருக்கும் வீட்டுக்கும் மரம் வெட்டிக்கொண்டிருந்த குடியானவர்களும் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். புகார்கள் ஆண்டுக்காண்டு பெருகின. கடைசியில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே ஒழித்துத் தனியுரிமையை முடித்துவைத்தார். ட்ரிங்கோமலி கட்டப்பட்ட ஆண்டுகள் சரியாக இந்தப் பதினேழு ஆண்டுக் கெடுபிடியின் நடுவில் வருகின்றன.

மரத்தின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்க வரலாறே ஒரு சோதனையை நடத்திக்காட்டியிருக்கிறது. அதே 1812-இல், அவசரத் தேவைக்கென்று, அதே லெடா வரைபடத்தை வைத்து இங்கிலாந்தில் எட்டுக் கப்பல்களைப் பைன் மரத்தில் கட்டினார்கள். 1813-இல் அவை நீரில் இறங்கின. 1820 முடிவதற்குள் எட்டும் உடைபட்டோ விற்கப்பட்டோ தீர்ந்துபோயின. இதே வகையைச் சேர்ந்த ‘ஷானன்’ ஓக்கில் ஆனது. 1813-இல் அமெரிக்க ‘செசபீக்’கைப் பதினைந்தே நிமிடத்தில் வீழ்த்தி இங்கிலாந்தெங்கும் புகழ்பெற்றது. அந்தப் புகழ் அதைக் காப்பாற்றவில்லை, 1859-இல் உடைத்தார்கள். போர் பார்க்காத தேக்குக் கப்பல் நின்றுவிட்டது. மரம் மட்டுமே போதாது என்பதற்கும் சான்று உண்டு: பம்பாயில் ட்ரிங்கோமலிக்கு ஓராண்டு முந்திப் பிறந்த ‘ஆம்ஃபிட்ரைட்’டும் தேக்குதான், 1875-இல் அதுவும் உடைபட்டது.

புதுக் கப்பல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் 1819 ஜனவரி 24 அன்று செயின்ட் ஹெலினா தீவில் நின்றது. நெப்போலியன் அங்கே சிறையிருந்தார். அவருக்கு ஈரல் நோய் என்று எழுதிக்கொடுத்த கடற்படை மருத்துவர் ஜான் ஸ்டோகோ, தீவின் ஆளுநரது கோபத்துக்கு ஆளாகி, ஊர் திரும்ப இந்தக் கப்பலில் ஏறினார். பிறகு அதே ஆண்டில் அவரைத் தீவுக்கே திருப்பி அனுப்பி, விசாரித்து, வேலையை விட்டு நீக்கினார்கள். தான் கண்ட நோயை எழுதியதற்கு அந்தத் தண்டனை.

போர்ட்ஸ்மத் சேர்ந்ததும் கப்பலின் பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை வேய்ந்து, கையிருப்பில் நிறுத்திவிட்டார்கள். 1845 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே. வீணாகப்போன காலம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கூரைதான் பெரிய காவல். மரக்கப்பலின் எதிரி கடல்நீரைவிட மழைநீர். உப்பு நீர் மரத்தைப் பதப்படுத்தும், தளத்தின் வழியே உள்ளே சொட்டும் நன்னீர் இடுக்குகளில் தேங்கி உளுக்கவைக்கும். இதற்கு நேரடிச் சாட்சி ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருக்கும் ‘யூனிகார்ன்’. லெடா வகையில் இன்றும் எஞ்சியிருக்கும் இன்னொரு கப்பல் அது ஒன்றுதான். 1824-இல் நீரில் இறக்கிய கையோடு கூரை போட்டார்கள். பாய் விரித்து ஒருநாள்கூடக் கடலோடவில்லை. ஓக்தான், ஆனாலும் அதன் மூல மரம் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

1847-இல் ட்ரிங்கோமலி முதன்முறையாகக் கடற்படைப் பணிக்குப் புறப்பட்டது. அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. பீரங்கிகளைக் குறைத்து, கனமானவற்றை ஏற்றி, கார்வெட் எனப்படும் 26 பீரங்கிச் சிறுவகைப் போர்க்கப்பலாக அதை மாற்றியிருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை வியாபாரிகளைத் துரத்தியது, நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனது. 1852 முதல் 1857 வரை கேப்டன் வாலஸ் ஹூஸ்டனின் தலைமையில் பசிபிக் கடலில் சுற்றியது. கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவை ஒட்டி இன்றும் ‘ட்ரிங்கோமலி கால்வாய்’ என்று ஒரு கடல்வழி உண்டு. கப்பலின் பெயரால் வைத்தது. கோணமலையின் பெயர் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாய் விரித்த சேவை அவ்வளவுதான், இரண்டு பயணங்கள். நீராவி வந்துவிட்டது. பிறகு சண்டர்லாந்து, மேற்கு ஹார்ட்டில்பூல், சவுத்தாம்ப்டன் என்று ஊர் மாற்றி ஊர், ரிசர்வ் படையினருக்குப் பயிற்சிக் கூடமாகக் கட்டிப்போட்டார்கள்.

1897 மே மாதம் கப்பலை உடைப்பதற்கு விற்றார்கள். அதே ஆண்டு ஜூன் 16 அன்று, பிளாக்பூல் கடற்கரையில், நெல்சனின் பழைய கொடிக்கப்பல் ‘ஃபூத்ரோயன்’ புயலில் கரைதட்டிச் சிதைந்தது. உடைப்பவர்களிடமிருந்து அதை மீட்டு, சொந்தப் பணத்தைக் கொட்டிச் செப்பனிட்டு, ஊர் ஊராகக் காட்டி வந்தவர் ஜியோஃப்ரி வீட்லி காப் என்ற செல்வந்தர். கப்பல் போன இடத்தில் கப்பல் வேண்டும் என்று அவர் தேடியபோது கையில் கிடைத்தது ட்ரிங்கோமலி. வாங்கினார், பழுதுபார்த்தார், இழந்த கப்பலின் பெயரையே இதற்கும் வைத்தார். 1992 வரை இந்தத் தேக்குக் கப்பல் ஃபூத்ரோயன்தான். ஃபால்மத்திலும், காப் இறந்த பிறகு போர்ட்ஸ்மத்திலும், பள்ளிப் பிள்ளைகள் அதில் தங்கித் துடுப்புப் போடவும் முடிச்சுப் போடவும் கற்றார்கள். கடற்படைக்காகக் கடலோடிய காலம் பத்தாண்டுக்கும் குறைவு. பிள்ளைகளுக்குத் தளம் கொடுத்த காலம் எண்பது ஆண்டுகளுக்கும் மேல். இதன் உண்மையான சேவை எது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

போர்ட்ஸ்மத்தில் அதற்கு ஒரு கூட்டாளி இருந்தது: ‘இம்ப்ளாக்கபிள்’. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ‘டுகே த்ருவென்’தான் அது. ட்ரஃபால்கரில் நெல்சனுக்கு எதிராகச் சண்டையிட்டுத் தப்பி, சில நாளில் பிடிபட்டு, ஆங்கிலேயக் கப்பலானது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது செப்பனிடப் பணமில்லை என்றது அரசாங்கம். பிரான்சும் ஏற்கவில்லை. 1949 டிசம்பர் 2 அன்று, இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, ஆங்கிலக் கால்வாயில் இழுத்துப் போய் வெடிவைத்தார்கள். அடிப்பகுதி உடைந்த பிறகும் மர உடல் உடனே முழுகவில்லை, மணிக்கணக்கில் மிதந்தது. அதைப் பார்த்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் உண்டான குற்றவுணர்வு சாதாரணமானதல்ல. இனி ஒருமுறை இப்படி நடக்கக் கூடாது என்ற எண்ணம்தான் பின்னாளில் உலகக் கப்பல் அறக்கட்டளை போன்ற அமைப்புகளுக்கு வித்திட்டது. பக்கத்தில் நின்ற தேக்குக் கப்பலைப் பிள்ளைகள் பயன்படுத்திக்கொண்டிருந்ததால் அதன்மேல் யாரும் கைவைக்கவில்லை.

1986-இல் பயிற்சிப் பணி முடிந்தது. மறு ஆண்டு ஜூலையில் கப்பலை ஒரு பெரிய மிதவையின் மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கைகள். கப்பல் கட்டும் தொழில் ஹார்ட்டில்பூலில் 1960-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டிருந்தது. ஆனாலும் 1860-இன் இரும்புப் போர்க்கப்பலான ‘வாரியர்’ எட்டு ஆண்டுகள் அங்கே புதுப்பிக்கப்பட்டு, அதே 1987-இல்தான் போர்ட்ஸ்மத் போயிருந்தது. அந்த வேலையில் தேறிய தச்சர்களும் கொல்லர்களும் அடுத்த வேலைக்குக் காத்திருந்தார்கள். ட்ரிங்கோமலி வராமல் போயிருந்தால் அந்தக் குழு கலைந்திருக்கும், குழு இல்லாவிட்டால் ட்ரிங்கோமலியும் தேறியிருக்காது. பயிற்சிக் காலத்தில் சேர்ந்தவற்றை எடுத்துவிட்டு, பீரங்கித் தளத்தையும் பாய்மரங்களையும் மீட்டார்கள். 1992-இல் பழைய பெயர் திரும்பியது. 2001-இல் வேலை முடிந்தபோது செலவு ஒரு கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. மலபாரிலிருந்து வந்த மூல மரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இன்றும் அந்த உடலில் இருக்கிறது.

அந்த எண்ணின் மதிப்பு விக்டரியோடு ஒப்பிட்டால் விளங்கும். ஓக்கில் ஆன விக்டரியில் மூல மரம் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம் என்பார்கள். 1922 முதல் அது உலர்துறையில் நிற்கிறது. நீரில் மிதக்கும் கப்பலை நீர் எல்லாப் பக்கமும் தாங்கும். துறையில் தாங்குகட்டைகளின் மேல் உட்காரவைத்தால் தன் எடையே அதற்குப் பாரம். பக்கங்கள் தொய்ந்தன, பலகைகளில் பூஞ்சையும் மரவண்டும் புகுந்தன. 2022-இல் பத்தாண்டுப் பழுதுவேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். மிதந்தாலும் தொல்லை தீராது என்பதற்குக் கான்ஸ்டிடியூஷன் உதாரணம். மரக்கப்பலின் நடுப்பகுதியை நீர் தூக்கும், இரு முனைகளும் கீழே தொங்கும், காலப்போக்கில் ஏரா வில்லாக வளையும். கான்ஸ்டிடியூஷனின் ஏராவில் அந்த வளைவு ஓர் அடியைத் தாண்டிவிட்டது. 1990-களில் உலர்துறையில் ஏற்றி, ஏராவைப் பொறுமையாக நேராகப் படியவிட்டு, முதல் வரைபடத்தில் இருந்து பிற்காலத்தில் காணாமல்போன சாய்வு மரங்களை மீண்டும் உள்ளே பொருத்தினார்கள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய வடிவமைப்பாளரின் கணக்குச் சரியாக இருந்தது.

எந்த முறையானாலும் முடிவில் நல்ல மரம் வேண்டும். அமெரிக்கக் கடற்படை இண்டியானா மாநிலத்தின் கிரேன் என்ற இடத்தில், தன் நிலத்தில், வெள்ளை ஓக் மரங்களைக் கான்ஸ்டிடியூஷனுக்கென்றே ஒதுக்கி வளர்க்கிறது. ட்ரிங்கோமலிக்கு அப்படி ஒரு காடு கிடையாது. அதைத் தந்த மலபாரில் வெட்டு தாங்காமல் காடு மெலிந்த பிறகு, 1840-களில் மாவட்ட ஆட்சியர் கனோலி, சாத்து மேனோனின் பொறுப்பில் நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்க ஏற்பாடு செய்தார். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். ட்ரிங்கோமலி பசிபிக்கில் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் கன்றுகளுக்குச் சுமார் பத்து வயதுதான் இருக்கும். சாலியாற்றங்கரையில் கனோலி பெயரால் காக்கப்படும் சிறு பகுதியில் அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், கோடரி படாத அடிமரம். ஆற்றின் போக்கிலே கீழே போனால் பேப்பூரில் கலாசிகள் என்னும் கப்பல் தொழிலாளர்கள் இன்னமும் தேக்கில் உரு என்னும் மரக்கலம் கட்டுகிறார்கள், காகித வரைபடம் இல்லாமல், கண்ணளவில்.